அடுப்பர் பால் காய்ச்சிய வீடுகள்

லண்டன் மாநகரத்தில் ஓர் இரும்பு அடுப்பின் முன்னால் நின்று, "இவளுக்கு மூக்குக் கொஞ்சம் சப்பை. ஆனா நல்ல மனசு" என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் அடுப்பர் என்போம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். பதினொரு வருடம் ஒரே வானில், சாமான் ஏற்றும் வண்டியில், போனோம். நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னார்.

வேலை இதுதான். ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே ஒரு யாட், பழைய சாமான் கிடங்கு. உள்ளே முழுக்கப் பழைய வார்ப்பிரும்பு அடுப்புகள். சமைக்கிற அடுப்பு இல்லை. குளிருக்கு வெள்ளைக்காரர் வரவேற்பறையில் வைத்துக் கரி எரித்த அடுப்பு. நூறு வருடம், அதற்கும் மேலே போன சாமான். உடைக்கிற வீடுகளிலிருந்து வரும். துருவைச் சுரண்டி, வெடித்த இடத்தை ஒட்டி, கறுப்புப் பசை பூசி மினுக்கி விற்பார்கள். சுரண்டுவதும் மினுக்குவதும் அடுப்பர். வான் ஓட்டுவது நான். தூக்குவது இரண்டு பேரும். முதுகு போனது எனக்கு மட்டும்.

ஏன் எனக்கு மட்டும் என்றால், அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அடுப்பு ஒரு வீட்டுக்குள் முகம் காட்டித்தான் போக வேண்டும். முகம் என்பது கதவு உள்ள பக்கம். பூவும் கொடியும் கூடின பக்கம். அந்தப் பக்கத்தை அவர்தான் பிடிப்பார். பிடிப்பார் என்று சொல்வது மரியாதைக்கு. இலை நோகும், இதழ் நோகும் என்று இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு பின்னால் பின்னால் படியேறுவார். பாரம் முழுக்கக் கீழே நிற்கிற என் நெஞ்சில்.

டூட்டிங்கில் ஒரு முறை மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"அண்ணை, திருப்புவம். மற்றப் பக்கம் லேசு."

"என்னடா கதைக்கிறாய்? முதன்முதல் வீட்டுக்கு வாறவள் முதுகைக் காட்டிக்கொண்டோ வாறது?"

"இரும்பு அண்ணை."

"உன்ரை மனுசி முதன்முதல் வரேக்கை எப்பிடி வந்தவ?"

"ஹீத்ரோவாலை."

அதற்குப் பிறகு மேல் மாடி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாடி எனக்குச் சுகமாக இருந்தது.

இந்த அடுப்புகளின் வேலைப்பாட்டை முதலில் ஒருவன் மரத்தில் செதுக்குவான். அதை மண்ணில் பதித்து, பதிந்த பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மரம் செதுக்கியவன் செத்து எத்தனையோ காலம். அவன் பெயர் எங்கும் இல்லை. அடுப்பர் அவனோடு தினமும் சண்டை பிடித்தார்.

"இஞ்சை பார். இந்தப் பக்கத்துப் பூவுக்கு எட்டு இதழ். அந்தப் பக்கம் ஏழு. அண்டைக்குக் காலமை மனுசியோடை கொழுவிப்போட்டு வந்திருக்கிறான்."

"இருக்கும் அண்ணை."

"உதென்ன சிங்கமோ? இவன் சீவியத்திலை சிங்கம் காணேல்லை. பக்கத்து வீட்டு நாயைப் பாத்துச் செதுக்கியிருக்கிறான். நாய்க்கும் அண்டைக்குச் சுகமில்லை."

அடுப்புகளுக்கு அவர் சமயமும் வைத்திருந்தார். சம்மனசு என்கிற தேவதூதர், சிறகு, முகம் இருந்தால் அது கத்தோலிக்க அடுப்பு. மயிலும் மாங்காய் வளைவும் இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தால் சைவ அடுப்பு. ஒன்றும் இல்லாமல் வழுக்கையாக ஒரு நம்பர் மட்டும் இருந்தால் மெதடிஸ்ட் அடுப்பு. அவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். நான் சைவம். ஆனால் சைவ அடுப்பை மினுக்கும்போது அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "வந்து கும்பிட்டுப்போட்டுப் போ" என்பார். நேரம் இருந்தால் கும்பிடுவேன். குனிந்தால் முதுகுக்கும் கொஞ்சம் சுகம்.

இதெல்லாம் தாங்கலாம். பால்தான் பிரச்சினை.

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சிப் பொங்க விடுவது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பொது. சைவம், கிறிஸ்தவ வேதம் என்று அதில் பார்ப்பதில்லை. அடுப்பர் அதை வெள்ளைக்காரருக்கும் பொதுவாக்கினார். அடுப்பை நிறுத்தி, புகைக்குழாயைப் பூட்டி, முதல் நெருப்பு மூட்டியதும் பையிலிருந்து ஒரு சின்னச் சட்டியும் ஒரு போத்தல் பாலும் எடுப்பார். வீட்டுக்காரர் யாரோ வெள்ளைக்காரர். அவருக்குச் சொல்ல அடுப்பரிடம் மூன்று இங்கிலீஷ் சொல் இருந்தது.

"மில்க். கம். லக்கி."

அவை வரவேற்பறை அடுப்புகள். மேல் மூடி வலை மாதிரி ஓட்டை போட்ட பூவேலை. சட்டி நேராக நிற்காது. பால் பொங்கினால் அந்த ஓட்டைகளுக்குள்ளால் இறங்கி, மூன்று நாள் மினுக்கிய முகத்தில் வழியும். அடுப்பர் கைதட்டுவார். எந்தத் திசையில் பொங்கியது என்று பார்ப்பார். கிழக்குத் தெரியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்பார். பிறகு இரண்டு மணித்தியாலம் முட்டுக்காலில் இருந்து திரும்பவும் மினுக்குவார். நான் வானில் இருந்து நித்திரை கொள்ளப் பார்ப்பேன். பார்க்கிங் வார்டன் வந்து கண்ணாடியில் தட்டுவான்.

ஹாக்னியில் ஓர் இளம் சோடி. அவர்களுக்கு இந்தப் பால் விஷயம் மிகவும் பிடித்துவிட்டது. போனில் படம் பிடித்தார்கள். ஆனால் அவர்கள் மாட்டுப் பாலை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். ஓட்ஸ் பால்தான் இருந்தது. அடுப்பர் போத்தலை மோந்து பார்த்தார்.

"உது பாலோ? வருத்தக்காரருக்குக் குடுக்கிற கஞ்சித் தண்ணி."

"அவையின்ரை வீடு அண்ணை. காய்ச்சுங்கோ."

முக்கால் மணித்தியாலம் நின்றோம். அது பொங்கவில்லை. தடித்தது. பிறகு அடிப்பிடித்தது. அந்தப் பெண் அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கண் துடைத்தாள். புகையாக இருக்கலாம். அடுப்பர் அவர்களுக்காக அடுத்த ஞாயிறு கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். பொங்காத வீடு, பாவம் பிள்ளைகள் என்றார்.

விம்பிள்டனில் வேறு மாதிரி. வெள்ளைக் கம்பளம். பால் அடுப்புக் கதவு இடுக்கால் பாய்ந்து கம்பளத்தில் போய் ஆறியது. கறுப்புப் பசையும் சேர்ந்து வந்தது. யாட்டுக்குச் சொந்தக்காரரான எங்கள் பொஸ்ஸிடமிருந்து அடுப்பருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம்.

கிரீனிச்சில் பால் கருகிப் புகை அலாரம் அடித்து, அந்தக் கட்டிடத்து நாற்பது குடும்பமும் மழையில் ரோட்டில் நின்றது. தீயணைப்பு ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். அடுப்பர் அவர்களுக்கும் "லக்கி" என்றார். இரண்டாம் கடிதம்.

பொஸ் நல்ல மனிதர். நெட்டை. வருடம் முழுக்கத் தடிமன், மூக்கடைப்பு. அவருக்கு அடுப்பரில் விருப்பம். அப்படி மினுக்க இங்கிலாந்தில் வேறு ஆள் இல்லை என்று அவரே சொல்வார். ஆனால் மூன்றாம் கடிதம் என்றால் வேலை போய்விடும், அது சட்டம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதான் இரண்டு பேரில் புத்தி உள்ளவன். இனிப் பால் கூடாது. நீ பார்த்துக்கொள். பால் என்றால் எனக்குச் சொல்."

நான் தலையாட்டினேன். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. தூக்குவதற்குத்தான் வந்தவன்.

அடுப்பருக்கு அப்போது அறுபத்துமூன்று. முழங்கால் இரண்டும் சரியில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இந்த வேலை போனால் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். அப்டன் பார்க்கில் ஓர் அறை இருந்தது. அதற்குள் போய் இருக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். வானில் ஏறி, கதவைச் சாத்தி, சிலுவை போட்டுச் சொன்னார்.

"மாதா மேலை ஆணை. இனிப் பால் எடுக்கமாட்டன். காணுமோ?"

"காணும்."

"நீ என்னைக் காட்டிக் குடுப்பியோ?"

"பெல்ட்டைப் போடுங்கோ அண்ணை."

அந்த வருடம் தவக்காலத்தில் யாட்டுக்கு ஒரு பெரிய அடுப்பு வந்தது. என் தோள் உயரம். கதவில் ஒரு பெண். தலையில் முக்காடு, கையில் ஒரு கட்டுக் கோதுமைக் கதிர். சுற்றிவர இலைக்கொடி. நாலு மூலையிலும் சிறகு. அடுப்பர் பார்த்த உடனே முழங்காலில் விழுந்தார். எழும்ப நான் கை கொடுத்தேன்.

"மாதாவடா. கதிர் பிடிச்ச மாதா."

ஆறு கிழமை அந்த அடுப்பைவிட்டு நகரவில்லை. பல் விளக்கும் பிரஷ்ஷால் கதிர்கதிராக மினுக்கினார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை வந்ததும் ஊதாத் துணியால் மூடிக் கட்டிவிட்டார். கோயிலில் அந்த நாட்களில் சுரூபங்களை மூடுவார்கள். அது கோயில். இது கடை. பொஸ் ஊரில் இல்லை.

அந்தக் கிழமைதான் டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை என்று பிறகுதான் தெரியும். நாங்கள் டீச்சர் என்றே சொன்னோம். ஊன்றுகோல், நீலக் கோட்டு, நிமிர்ந்த தலை. நேரே போய்த் துணியின் நுனியைத் தூக்கினார். அடுப்பர் பாய்ந்து வந்தார்.

"நோ டச்! ஜீசஸ் நாட் ஃபினிஷ்!"

டீச்சர் என்னைப் பார்த்தார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரச் சொல்கிறார் என்றேன். இங்கிலீஷில் அதைச் சொல்ல எனக்கு வியர்த்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை கதவு திறக்க முன்னம் வாசலில் நின்றார்.

துணி எடுத்ததும் டீச்சர் வெகு நேரம் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். இது அறுவடைக்குரிய பெண் தெய்வம், பழைய ரோமாபுரிக்காரர் கும்பிட்டது, இந்த மாதிரி உருவங்களை ஒரு காலத்தில் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் போட்டார்கள், இலைக்கொடி ஓக் மரத்து இலை என்று வகுப்பே எடுத்தார்.

"என்னவாம்?" என்றார் அடுப்பர்.

"மாதா இல்லையாம்."

அடுப்பருக்கு முகம் சிவந்தது. "மாதா இல்லையெண்டால் ஏன் முக்காடு? ஏன் கண் கீழை பாக்குது? வேறை ஆருக்கு இப்பிடிக் கண் வரும்? கதிரைப் பிடிக்கிற பிடியைப் பார் எண்டு சொல்லு. பிள்ளையைப் பிடிக்கிற பிடி. செதுக்கினவன் தன்ரை தாயை நினைச்சுச் செதுக்கியிருக்கிறான். சொல்லு, சொல்லு அவவுக்கு."

"மாதாதானாம்" என்றேன் டீச்சருக்கு.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அதைத்தான் பேசினார்."

டீச்சர் அந்த அடுப்பை வாங்கிக்கொண்டார்.

ஹைகேட்டில் வீடு. வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். யாட்டிலிருந்து போன அடுப்புகளில் அதுதான் வடிவு என்று, பொஸ் தானே வந்து கடை வெப்சைட்டுக்குப் படம் எடுப்பதாகச் சொன்னார். மூன்று மணிக்கு வருவார். புறப்பட முன்னம் அடுப்பரின் பையைப் பார்த்தேன். பிரஷ், துணி, பசை. சட்டி இல்லை. பிளாஸ்கைத் திறந்தேன். வெறும் தேத்தண்ணி.

"பொலிஸ்காரன்" என்றார்.

வாசலில் ஒன்பது படி. முகம் காட்டி ஏற்றினோம். அன்றைக்கு என் இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறியது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீடு புதிது. டீச்சர் வந்து ஒரு கிழமை. பெரிய வீட்டை விற்றுவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். பெட்டிகள் கட்டினபடி கிடந்தன. இருக்க ஒரு கதிரை. ஒரு விளக்கு. சுவரில் ஆணி மட்டும். டீச்சர் வீட்டுக்குள்ளும் கோட்டோடு இருந்தார்.

அடுப்பை நிறுத்தினோம். குழாய் பூட்டினோம். நெருப்பு முதலில் புகைந்து, பிறகு இழுத்துப் பிடித்தது. நல்ல அடுப்பு. அடுப்பர் கடைசியாக ஒரு தரம் துடைத்தார். துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். எழும்பவில்லை.

"போவமா அண்ணை?"

பேச்சில்லை. பதினொரு வருடத்தில் நான் கேட்ட முதல் நீளமான அமைதி. எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன். ஐந்து நிமிடம் தாங்கினேன். பிறகு தாங்கவில்லை.

"என்ன அண்ணை?"

"வெறும் வீடடா" என்றார். "பெட்டியும் அவிழ்க்கேல்லை. தனிச்ச மனுசி. நான் வந்து இறங்கின அறையிலை எனக்கு ஒருத்தரும் பால் காய்ச்சேல்லை. அதுக்குள்ளை எப்பிடி இருந்தது எண்டு எனக்குத் தெரியும். இவவை இப்பிடியே விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"ஆணை இட்டனீங்கள்."

"ஓம். இட்டனான்."

கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பு.

அவருக்கு என்ன வருத்தம் என்று டீச்சர் கேட்டார். இந்த நாட்டில் நான் பேசிய இங்கிலீஷில் அதுதான் நீளமானது. எங்கள் ஊரில் புது வீட்டில் பால் காய்ச்சுவோம். பொங்கினால் வீடு நிறையும். இவர் காய்ச்சினால் வேலை போய்விடும். அவ்வளவு.

டீச்சர் ஊன்றுகோலால் குசினிப் பக்கத்தைக் காட்டினார்.

நான் யோசித்தேன். ஆணை இட்டது அவர். நான் இல்லை. கடிதம் இரண்டு வாங்கியது அவர். எனக்கு ஒன்றும் இல்லை. எழும்பிப் போனேன். பிரிட்ஜில் பால் இருந்தது. சின்னச் சட்டி எங்கே என்று தெரியவில்லை. ஒரு பெட்டியைக் கிழித்தேன். கையில் வந்த சட்டி பெரிசு. நிறைய ஊற்றிக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன்.

"டேய், என்ன செய்யிறாய்?"

"நீங்கள் தொடாதேங்கோ."

"கனக்க ஊத்திட்டாய்."

"கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ அண்ணை."

கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். வாய் நிற்கவில்லை. இடம் தள்ளு, வலம் தள்ளு, சட்டி சரியுது, உன்ரை வீட்டிலை நீ ஒரு நாளும் அடுப்படிக்குப் போறேல்லையோ? டீச்சர் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார். முக்கால் மணித்தியாலத்தில் பால் எழும்பியது. எழும்பிப் பொங்கியது. பொங்கினது என்று சொல்லப் போதாது. வெள்ளம்.

"கிழக்கை! கிழக்காலை பொங்கிட்டுது!" அடுப்பர் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார், அந்த முழங்காலோடு. டீச்சரும் ஊன்றுகோலால் நிலத்தில் தட்டினார்.

வாசலில் பொஸ். கையில் கமெரா. அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்.

வீடெல்லாம் கருகிய பால் மணம். அவருக்கு இருந்த தடிமனுக்கே மணந்திருக்கிறது.

"யார்?" என்றார்.

"மீ..." என்று அடுப்பர் வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். என்னுடையது இரும்பு வைத்த சப்பாத்து.

"நான்" என்றேன்.

பொஸ் என்னையே பார்த்தார். "நீயா?"

"நான்."

அடுப்பர் ஒரு காலில் நின்றபடி சொன்னார். "யெஸ் பொஸ். ஹிம். வெரி பேட் பாய்லிங்."

 டீச்சர் சத்தம் போட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இங்கே பாருங்கள் என்றார். வகுப்பில் சொல்வது மாதிரி. நாங்கள் மூன்று பேரும் போய்க் குனிந்தோம்.

பால் அந்த அடுப்பின் முகத்தால் இறங்கிக் குழிவான இடமெல்லாம் தங்கியிருந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடு. முக்காட்டின் மடிப்பு, கண் இமை, ஒவ்வொரு கதிரின் மணி, எல்லாம் மையால் கீறியது மாதிரித் தெரிந்தது. கதிர்க்கட்டின் அடியில், இரண்டு தண்டுக்கு இடையில், ஒரு நத்தை. பெருவிரல் நகம் அளவு. ஓட்டின் சுருள், இரண்டு கொம்பு. எந்தக் காலமோ எவனோ ஒருவன் தன் பாட்டுக்குச் செதுக்கி வைத்திருக்கிறான்.

அடுப்பர் நிலத்தில் இருந்துவிட்டார். "ஆறு கிழமை மினுக்கினனான். காணேல்லையே. நான் காணேல்லையே."

"மாதாவிடம் நத்தை இருக்குமா என்று கேள்" என்றார் டீச்சர் என்னிடம். கேட்டேன்.

"ஏன் இருக்காது? தோட்டத்திலை நத்தை இருக்கும்தானே" என்றார் அடுப்பர். கண் நத்தையிலேயே இருந்தது.

பொஸ் படம் எடுத்தார். பாலோடு எடுத்தார். இன்றைக்கும் கடை வெப்சைட்டில் முதலாவதாக நிற்பது அந்தப் படம்தான். ஆனால் சட்டம் சட்டம். திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு. யார் காய்ச்சத் தெரிந்தவன், யார் தெரியாதவன் என்று பொஸ்ஸுக்குத் தெரியாமல் இல்லை. கடிதத்தைத் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வானில் அடுப்பர் அந்தக் கடிதத்தை வாங்கினார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இரண்டு தரம் வாசித்தார்.

"உன்ரை பேரை வடிவாய் அடிச்சிருக்கிறாங்கள்" என்றார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்காது.

போன மாரிக் குளிரோடு அவருக்கு முழங்கால் முற்றாகப் போய்விட்டது. வேலைக்கு வருவதில்லை. அப்டன் பார்க் அறையில் இருக்கிறார். ஞாயிறுகளில் போவேன். அறையில் ஒரு ரேடியேட்டர். வெள்ளைப் பெயின்ற், மொட்டைத் தகடு. ஒரு பூ இல்லை, ஒரு இலை இல்லை. அதைச் செய்தவனைப் பிடித்து இரண்டு மணித்தியாலம் திட்டுவார். அவனுக்குத் தாய் இல்லையோ, மனுசி இல்லையோ, ஒரு நத்தையாவது கண்ணில் படவில்லையோ என்று கேட்பார். நான் கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்து கேட்பேன்.

"உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று இடையில் ஒரு தரம் கேட்பார்.

இல்லை என்பேன். இருக்கிறது.